நான்கு மாலைகள், மூன்று தலைமுறைகள்: பெங்களூரில் எங்கே பாட்டுக் கேட்பது?

கேள்வி: ஏப்ரல் மாதத்தை ஒட்டி நான்கு நாள் பயணமாக மதுரையிலிருந்து பெங்களூர் வர எண்ணியிருக்கிறோம். நான், என் கணவர், எழுபது வயதை நெருங்கும் மாமியார், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பத்தொன்பது வயது மகன் என்று நால்வர். தேதியும் தங்குமிடமும் இன்னும் முடிவாகவில்லை. பகலில் என்ன பார்ப்பது என்பதில் குழப்பம் இல்லை. மாலைகளைத்தான் எப்படி அமைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமியார் கச்சேரி கேட்டே வளர்ந்தவர். மகன் கிட்டார் வாசிக்கிறான். பெங்களூர் என்றால் இசைக்குழு வாசிக்கும் பப்தான் என்று நண்பர்கள் சொல்லிவிட்டதால் அங்கே போயே தீர வேண்டும் என்கிறான். என் கணவருக்குத் திரைப்பாட்டு இருந்தால் போதும். எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? மகனை அத்தகைய இடத்துக்கு அழைத்துப் போகலாமா? பெரியவரை வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு மேல் அறைக்குத் திரும்புவது பாதுகாப்பானதா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எல்லோருக்கும் பொருந்துகிற மாலைகளை அமைக்க முடியும். ஆனால் எல்லா மாலைகளிலும் நால்வரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால்தான் முடியும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஊரின் இசை நிகழ்ச்சிகளை ஒட்டிப் பயணத்தை ஒழுங்கு செய்து தருவது என் தொழில். குடும்பமாக வருகிறவர்கள் சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருப்பதைப் பார்க்கிறேன்: ஒரே மாலையில் ஊரின் இரண்டு மூலைகளையும் தொட்டுவிட நினைக்கிறார்கள். ஏழு மணிக்குச் சாமராஜபேட்டையில் கச்சேரி, ஒன்பதரைக்கு இந்திராநகரில் இசைக்குழு என்று தாளில் எழுதிக்கொள்வது எளிது. வெள்ளிக்கிழமை மாலையில் அந்தத் தூரத்தைக் காரில் கடந்து முடிப்பதற்குள் முன்னதில் பிற்பாதியையும் பின்னதில் முற்பாதியையும் இழந்திருப்பீர்கள். ஒரு மாலைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் இதற்கு ஏற்பத்தான் சொல்லப்போகிறேன்.

தேதி முடிவாகவில்லை என்பது நல்ல செய்தி. சென்னைக்கு மார்கழி எப்படியோ, பெங்களூருக்குக் கன்னடப் புத்தாண்டான யுகாதியிலிருந்து தொடங்கும் ஒரு மாத காலம் அப்படி. ராமநவமியை முன்னிட்டு நகரெங்கும் பந்தல் போட்டுக் கச்சேரிகள் நடப்பது இந்த நாட்களில்தான். ராமநவமிக்கு ஐந்தாறு நாட்கள் கழித்து வரும் பௌர்ணமி இரவில் பழைய பேட்டைப் பகுதியில், பூக்கரகத்தைப் பூசாரி தலையில் தாங்கி வரும் கரக ஊர்வலம் புறப்படுவதும் இந்த நாட்களில்தான். பௌர்ணமி உங்கள் நான்கு இரவுகளில் ஒன்றாக அமையும்படி பயணச்சீட்டு எடுத்தால், பந்தல் கச்சேரியும் கரகமும் ஒரே பயணத்தில் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மதுரைக்காரருக்குப் பௌர்ணமி என்றதும் அழகர் ஆற்றில் இறங்கும் நாள்தான் நினைவுக்கு வரும். சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. 2024இல் அழகர் வைகையில் இறங்கியதும் இங்கே கரகம் புறப்பட்டதும் ஏப்ரல் 23ஆம் தேதிதான். ஆனால் 2025இல் கரகம் ஏப்ரல் 12ஆம் தேதியே முடிந்துவிட்டது. அழகர் இறங்கியதோ மே 12ஆம் தேதி. இங்கே சந்திரனை வைத்து மாதத்தை எண்ணும் சந்திரமானக் கணக்கில் சைத்ர மாதத்துப் பௌர்ணமியைக் கொள்கிறார்கள் என்பதால், தமிழ் நாட்காட்டியில் சித்திரா பௌர்ணமி என்று போட்டிருக்கும் நாளை நம்பி வராமல், யுகாதிக்குப் பின் வரும் முதல் பௌர்ணமி எது என்று பாருங்கள். சித்திரைத் திருவிழாவை விட்டுவிட்டு வர மனம் ஒப்பாத வீடாக இருந்தால், இரண்டும் தனித்தனியாக வரும் ஆண்டே உங்களுக்கு வசதி.

தங்குவதற்கு எம்.ஜி. சாலைப் பக்கம் இடம் பார்க்கும்படி பலர் சொல்வார்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் மாலைகளில் பாதிக்கு மேல் ஊரின் தெற்குப் பாதியில்தான் கழியும் என்பதால், மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் நேஷனல் கல்லூரி, லால்பாக், சவுத் எண்ட் சர்க்கிள், ஜெயநகர் ஆகிய நிலையங்களுக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். சாமராஜபேட்டைப் பந்தலுக்கும் கரகத்துக்கும் அருகிலுள்ள கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் நிலையம் இதே தடத்தில்தான் இருக்கிறது. கிழக்கே போக வேண்டிய மாலையில் மெஜஸ்டிக்கில் இறங்கி ஊதாத் தடத்துக்கு மாறினால் எம்.ஜி. சாலை, ஹலசூரு, இந்திராநகர் எல்லாம் வரிசையாக வந்துவிடும். மாமியாருக்கு நிலையத்துக்கு நிலையம் மின்தூக்கி உண்டு என்பதும், மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை பெட்டிகளில் நிற்கவே இடம் இருக்காது என்பதும் இரண்டுமே உண்மை. ஐந்தரை மணிக்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள்.

முதல் மாலையைப் பந்தலுக்குக் கொடுங்கள். ராமநவமிக் கச்சேரிகளில் பெரியது, சாமராஜபேட்டையில் ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்தில் ஸ்ரீ ராமசேவா மண்டலி நடத்துவது. 1939இல் தொடங்கிய இந்த விழா ஏறக்குறைய ஒரு மாதம் நீள்கிறது. சென்னையில் டிசம்பரில் எந்தெந்தப் பெயர்களைப் பார்க்கிறீர்களோ, அவற்றில் பெரும்பாலானவற்றை இங்கும் பார்க்கலாம். உங்கள் ஊரில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பந்தல் இது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டால், அவரை அழைத்து வர வேறு காரணம் தேவைப்படாது. கர்நாடக இசையோடு சில மாலைகளில் இந்துஸ்தானிக் கலைஞர்களும் பாடுவார்கள், வாசிப்பார்கள். நாள் சீட்டும், முழு விழாவுக்கான சீட்டும் விற்கிறார்கள். பெயர் பெற்ற பாடகர் பாடும் நாளுக்கு முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. நிகழ்ச்சி நிரல் ஒவ்வோர் ஆண்டும் விழா தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான் வெளியாகும் என்பதால், யார் எந்த நாள் என்பதை நான் இப்போதே எழுதி உங்களைக் குழப்ப விரும்பவில்லை.

அங்கே என்ன எதிர்பார்க்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் குளிரூட்டிய சபா அரங்கத்துக்குப் பழகியவர்கள் முதல் பத்து நிமிடம் திகைத்துப்போவதுண்டு. இது மைதானத்தில் போட்ட பந்தல். பக்கங்கள் திறந்திருக்கும். அருகிலேயே நகரின் நெரிசல் மிகுந்த சாலைகள் ஓடுவதால், ஆலாபனையின் நடுவே பேருந்து ஒலிப்பான் கேட்கும். பாடகர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, சிறிது நேரத்தில் கேட்கிறவர்களும் பொருட்படுத்துவதில்லை. ஏப்ரலில் திடீரென்று மாலை மழை கொட்டும், கூரையில் அது விழும் சத்தத்தில் மிருதங்கம் மூழ்கிப்போகும். மாமியாருக்கு ஒரு சால்வையும், முதுகுக்குச் சிறு தலையணையும், குடையும் எடுத்து வாருங்கள். முதன்மைக் கச்சேரி மாலை ஆறரை மணியை ஒட்டித் தொடங்கி மூன்று மணி நேரம் அளவுக்குப் போகும். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகும் வழக்கம் இங்கும் இல்லாமலில்லை. நீங்கள் போகாதீர்கள், ஏனெனில் அதற்குப் பின்னால் சிறு பாடல்களாக வரும் துக்கடாப் பகுதியில்தான் இந்த ஊரின் சுவை இருக்கிறது. புரந்தரதாசர், கனகதாசர் முதலிய கன்னடப் பக்திக் கவிகளான தாசர்களின் பாடல்களைத் தமிழ்நாட்டு மேடையில் ஒன்றிரண்டாகக் கேட்டிருப்பீர்கள். இங்கே கூட்டமே சீட்டு எழுதி அனுப்பிக் கேட்டு வாங்குகிறது, பல வரிசைகளில் உடன் பாடும் உதடுகளைப் பார்க்கலாம்.

ராமநவமி நாளிலேயே இங்கு இருக்கும்படி அமைந்தால், தெருவுக்குத் தெரு பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம், யாருக்கும் உரியது. சேஷாத்ரிபுரம், மல்லேஸ்வரம், ராஜாஜிநகர், ஜெயநகர் போன்ற பகுதிகளில் நடக்கும் சிறிய ராமநவமிக் கச்சேரிகளில் பல, கட்டணமே இல்லாதவை. பெரிய பந்தலில் சீட்டுக் கிடைக்காவிட்டால் இவற்றில் ஒன்றுக்குப் போங்கள். பாடகருக்கு இரண்டு கஜ தூரத்தில் உட்கார முடியும் என்பதால், என்னைக் கேட்டால் சில சமயம் இதுவே மேல்.

பந்தல் இல்லாத மாதத்தில் வர நேர்ந்தாலும் மாமியாருக்குக் குறை வராது. 1905இல் தொடங்கிய பெங்களூர் காயன சமாஜம் கே.ஆர். சாலையில் இருக்கிறது; பசவனகுடியில் பி.பி. வாடியா சாலையிலுள்ள இந்திய உலகப் பண்பாட்டு நிறுவனம் 1945இலிருந்து இலவசமாகவே மாலை நிகழ்ச்சிகளை நடத்தி வருகிறது. வயலின் வடிவிலேயே கட்டிய சௌடையா நினைவு அரங்கம் மல்லேஸ்வரத்துக்கு அருகில் இருக்கிறது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், கடைசி வரிசைக்கும் நாதம் எட்ட வேண்டும் என்று ஏழு தந்தி வயலினை வாசித்த மைசூர் டி. சௌடையாவின் பெயர் அதற்கு. அங்கே கச்சேரி இருந்தால் போங்கள். கட்டடத்தை மட்டும் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

அடுத்து, கரகம். இரவு வாழ்க்கை என்ற தலைப்பில் வெளியாகும் பயணக் கட்டுரைகள் இதைச் சேர்ப்பதில்லை, ஆனால் இந்த ஊரில் விடிய விடிய நடக்கும் இரவு எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். மார்க்கெட்டுக்கு அருகே திகளர்பேட்டையில் தருமராயசுவாமி கோயில் இருக்கிறது. திரௌபதியைத் தங்கள் குலதெய்வமாகக் கொண்ட திகளர் சமூகத்தினர் இந்த விழாவை நடத்துகிறார்கள். தமிழை வேராகக் கொண்ட, தோட்டக்கலையில் பேர் பெற்ற சமூகம் அது. தென்னார்க்காடு, வடார்க்காடு மாவட்டங்களின் திரௌபதி அம்மன் விழாக்களைக் கண்டவர்களுக்குப் பல சடங்குகள் தெரிந்தவையாகவே தோன்றும். பெண்வேடம் பூண்ட பூசாரி, மல்லிகையால் கோபுரம்போல் அமைத்த கரகத்தைக் கையால் பிடிக்காமல் தலையில் தாங்கி வருவார். வீரகுமாரர்கள் உருவிய வாளோடு அவரைச் சூழ்ந்து ‘கோவிந்தா’ என்று முழங்கியபடி ஓடுவார்கள். கரகம் நள்ளிரவு தாண்டித்தான் கோயிலை விட்டுப் புறப்படும். பேட்டைத் தெருக்களைச் சுற்றி, காட்டன்பேட்டையில் உள்ள மஸ்தான் சாகிபு தர்காவுக்கும் சென்று, விடியலில் திரும்பும். நாதசுரமும் தவிலும் ஒரு பக்கம், தமட்டை ஒரு பக்கம் என்று இரவு முழுவதும் வாத்தியம் ஓயாது. சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து பூப்பல்லக்குகளும் வந்து சேரும்.

இதற்கு மாமியாரை அழைத்து வர வேண்டாம். கூட்டம் லட்சக்கணக்கில் திரளும்; குறுகிய தெருக்களில் ஊர்வலம் ஓட்டமும் நடையுமாக வருவதால் தள்ளுமுள்ளு தவிர்க்க முடியாதது. அவருக்கு விருப்பம் இருந்தால் அன்று மாலை ஆறு மணிக்குள் கோயிலைத் தரிசித்துவிட்டு அறைக்குத் திரும்பி ஓய்வெடுக்கட்டும், நீங்கள் அவரோடு இருக்க வேண்டியிருந்தால் கணவரும் மகனும் போகட்டும். மாடியுள்ள கடைக்காரர் எவரேனும் தெரிந்தவராக இருந்தால் மாடியில் நின்று பார்ப்பதே சிறந்தது. அப்படி யாரும் இல்லையென்றால் கோயில் வாசலில் முண்டியடிக்காமல், ஊர்வலப் பாதையில் அகலமான ஒரு சந்திப்பில் நின்றுகொள்ளுங்கள். அந்த இரவில் அப்பகுதிக்குள் வண்டிகளை விட மாட்டார்கள், நடந்தே வெளியே வர வேண்டியிருக்கும். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்க வேண்டாம்.

இனி மகனுடைய ஆசைக்கு வருகிறேன். கர்நாடகக் கலால் விதிகளின்படி 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. இசைக்குழு வாசிக்கும் பப்களில் பல, இந்த விதியை வாசலிலேயே கடைப்பிடிக்கின்றன. சில இடங்களில் பெற்றோருடன் வந்தால் மாலை எட்டு மணி வரை அனுமதிப்பார்கள், சில இடங்களில் யாருடன் வந்தாலும் அனுமதிக்க மாட்டார்கள். சீட்டு வாங்கும் பக்கத்தில் ‘21+’ என்று போட்டிருந்தால் அதில் பேரம் கிடையாது. ஆதார் அட்டையைப் பார்த்தே உள்ளே விடுவார்கள். எனவே மகனிடம் பப் என்ற சொல்லை மாற்றி, இசைக்குழு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவனுக்கு வேண்டியது மேடையும் கிட்டாரும் என்றால், வயதுத் தடையில்லாத அரங்குகளில் அது இன்னும் நன்றாகக் கிடைக்கும்.

இந்த இடத்தில் பெங்களூர் விதிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பயணத்துக்கு அது நேரடியாகப் பயன்படும். பேருந்து நிலையத்தைச் சுற்றியும் வேறு சில சாலைகளிலும் ‘லைவ் பேண்ட்’ என்ற பலகையோடு மதுக்கூடங்களைக் காண்பீர்கள். பெண்கள் மேடையில் நின்று பாடவோ ஆடவோ, ஆண்கள் குடித்தபடி பார்க்கும் இடங்கள் அவை. உங்கள் மகன் கேட்கும் இசைக்குழுவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அத்தகைய இடங்களைக் கட்டுப்படுத்துவதற்காக 2005ஆம் ஆண்டு நகரக் காவல்துறை கொண்டுவந்த உரிம ஆணை பல ஆண்டுகள் வழக்கில் இருந்து, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. அதன் பின்னர் கிட்டார் ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் பாடும் உணவகமும் அதே உரிமத்தைக் காட்ட வேண்டும் என்று காவல்துறை கேட்கத் தொடங்க, அந்த ஆண்டில் இந்திராநகர் முதலிய பகுதிகளில் பல இடங்கள் நேரடி இசையை நிறுத்திவிட்டன. சுயாதீன இசைக்குழுக்களின் வீடாகவே இருந்த ஹம்மிங் ட்ரீ 2019இல் மூடப்பட்டது. இன்றும் ஓர் இடத்தில் போன மாதம் வரை இருந்த மேடை இந்த மாதம் இல்லாமல் போகலாம். ஆகவே பழைய கட்டுரைகளில் இடத்தின் பெயரைத் தேடிப் போவதைவிட, குழுவின் பெயரைத் தேடி, அவர்கள் அந்த வாரம் எங்கே வாசிக்கிறார்கள் என்று அவர்களுடைய சமூக ஊடகப் பக்கத்தில் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

எந்தக் குழுக்கள் என்று மகன் கேட்பான். 1996இலிருந்து வாசித்துவரும் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் இந்த ஊரின் ராக் மரபில் மூத்த குழு. நகர வாழ்க்கையையே பாடுபொருளாகக் கொண்டவர்கள். ரகு தீட்சித்தின் குழு சிசுநாள ஷரீப் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கன்னடக் கவியின் பாடல்களைக் கிட்டாரோடும் வயலினோடும் பாடி உலகெங்கும் கொண்டு சென்றது. நாட்டுப்புற இசையை ராக்கோடு சேர்க்கும் ஸ்வராத்மாவும் இங்கிருந்து புறப்பட்டதே. உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அகம். தியாகராசரின் கீர்த்தனைகளை மின்கிட்டாரும் டிரம்ஸும் முழங்க வாசிக்கும் பெங்களூர்க் குழு அது. உங்கள் நாட்களில் அவர்களுக்கு அரங்க நிகழ்ச்சி ஏதேனும் இருந்தால், பாட்டியும் பேரனும் ஒரே பாட்டுக்குத் தலையசைக்கும் வாய்ப்பு உண்டு. ஒலியளவை அவர் பொறுத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம். பஞ்சு எடுத்துப் போங்கள்.

இசைக்குழுக்களுக்கான மாலையை டொம்லூரில் உள்ள பெங்களூர் சர்வதேச மையத்தில் வைத்துக்கொள்வது என் யோசனை. இந்திராநகர் மெட்ரோ நிலையத்திலிருந்து ஆட்டோவில் சிறிது தூரம். இசை, நாட்டியம், உரை, திரையிடல் என்று வாரம் முழுவதும் ஏதாவது நடக்கும்; பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை, இணையத்தில் பதிவு செய்துகொண்டால் போதும். மதுவும் இல்லை, வயது விசாரிப்பும் இல்லை. ஜாஸ் கேட்க வேண்டும் என்றால் வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்ற இடம் இருக்கிறது: பியர் வடிக்கும் உணவகத்துக்குள்ளேயே புத்தக அலமாரிகள் சூழ்ந்த அரங்கு, வாசிக்கும்போது பேசாமல் கேட்கும் கூட்டம். ஆனால் நீங்கள் தங்கும் தெற்குப் பகுதியிலிருந்து அது ஊரின் மறுகோடி; உணவும் சீட்டும் சேர்ந்து செலவும் கூடும். வயது விதியைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்த மாலையை முழுவதும் அதற்கே ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள்.

பகல் நேரம் ஒன்றையும் மகனுக்காக ஒதுக்கலாம். ஜே.பி. நகரில் 2019இல் திறந்த இந்திய இசை அனுபவ அருங்காட்சியகத்தில் பழைய இசைத்தட்டுகளையும் கருவிகளையும் பார்ப்பதோடு, காதில் மாட்டும் ஒலிக்கருவியில் கேட்கவும், முற்றத்தில் உள்ள ஒலிக்கருவிகளைத் தட்டி வாசிக்கவும் முடியும். திங்களன்று விடுமுறை. அரண்மனை மைதானத்தில் 2007இல் அயர்ன் மெய்டனும் 2011இல் மெட்டாலிக்காவும் வாசித்த கதையை இந்த ஊர் ராக் ரசிகர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அத்தகைய பெரிய நிகழ்ச்சி உங்கள் நாட்களில் இருந்தால் மகனே கண்டுபிடித்துவிடுவான், நான் சொல்ல வேண்டியதில்லை.

கணவருடைய திரைப்பாட்டுக்கு நான்காவது மாலை. ஹலசூரு, மர்பி டவுன், சிவாஜிநகர் ஆகியவை தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழும் பகுதிகள். கோயில் விழாக் காலங்களில் தெருவிலேயே மேடை போட்டு மெல்லிசைக் குழுக்கள் பாடும். ஹலசூரு ஏரிக்கரையை அடுத்து 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அவர்களுடைய நிகழ்ச்சி அறிவிப்பையும் பாருங்கள். பொதுவாகக் கன்னட விழா மேடைகளில் பாடும் ஆர்க்கெஸ்ட்ராக்களும் தமிழ்ப் பாட்டுப் பாடுவதுண்டு. ஆனால் அங்கே போய் முதல் வரிசையிலிருந்து தமிழ்ப் பாட்டுக் கேட்டுக் குரல் கொடுப்பது நல்ல பழக்கம் அல்ல. ராஜ்குமார் பாட்டுக்குக் கூட்டத்தோடு கை தட்டிவிட்டுக் காத்திருந்தால், அவர்களே இளையராஜாவுக்கு வந்துவிடுவார்கள், கன்னடத் திரைக்கும் அவர் இசையமைத்திருக்கிறார் அல்லவா.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க இரவு பத்து மணிக்கு மேல் நாடெங்கும் தடை உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டில் சில நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். அதனால் பந்தல் கச்சேரியும் மைதான நிகழ்ச்சியும் பெரும்பாலும் பத்துக்குள் முடிந்துவிடும், மூடிய அரங்குகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மெட்ரோவின் கடைசி வண்டிகள் பதினொரு மணியை ஒட்டிப் புறப்படுகின்றன. பப்களும் மதுக்கூடங்களும் இரவு ஒரு மணி வரை திறந்திருக்க 2024இல் மாநில அரசு அனுமதித்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிடும்: பத்து மணிக்கு முடியும் நிகழ்ச்சியிலிருந்து மெட்ரோவில் நிம்மதியாகத் திரும்பலாம்; பதினொன்றுக்கு மேல் ஒரு மணி வரை உள்ள நேரத்தில், பப் முடிந்து வெளியேறும் கூட்டத்தோடு வாடகைக் காருக்குப் போட்டியிட வேண்டியிருக்கும். பெரியவரோடு இருக்கும் மாலைகளில் பத்தரைக்குள் வண்டியில் ஏறிவிடுங்கள். மாமியார் கடைசி மங்களம் வரை இருந்தே தீருவேன் என்றால், ஒன்பது மணிக்கே செயலியில் காரை முன்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோவுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய், இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை ஒன்றரை மடங்கு என்பது அரசு நிர்ணயித்த கட்டணம். மீட்டர் போடுபவர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். நம்ம யாத்ரி போன்ற செயலி வழியாக அழைத்தால் வாக்குவாதம் குறையும். ‘மீட்டர் மேலே எஷ்டு?’ (மீட்டருக்கு மேல் எவ்வளவு?) என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், தமிழிலேயே பதில் வருவதும் உண்டு. மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும் உரியது என்பதால், மதுரை முகவரியுள்ள அட்டையைக் காட்டிப் பயனில்லை, சீட்டு வாங்கிவிடுங்கள். தனியாக வெளியே இருக்கும் மகனிடம் அவசர எண் 112ஐயும், நீங்கள் தங்கியிருக்கும் இடத்தின் பெயரையும் அருகிலுள்ள மெட்ரோ நிலையத்தின் பெயரையும் கைப்பேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள். இசை நிகழ்ச்சி முடியும் நேரத்தில்தான் கைப்பேசியில் மின்கலம் தீரும்.

முன்பதிவின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமியைப் பார்த்துத் தேதியை முடிவு செய்து முதலில் அறையை எடுங்கள், ஏனெனில் கரக வாரத்தில் மார்க்கெட்டைச் சுற்றி நியாயமான விலையில் அறை கிடைப்பது கடினம். ராமசேவா மண்டலியின் நிரல் வெளியான நாளில் கச்சேரிச் சீட்டை வாங்குங்கள். டொம்லூர் மையத்துக்கான பதிவைப் பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது செய்தால் போதும். அதற்குள் மகன் தனக்குப் பிடித்த குழுக்களின் பக்கங்களைப் பார்த்து, எந்த நிகழ்ச்சி 21 வயது நிரம்பாதவர்களுக்கும் திறந்தது என்று ஒரு பட்டியல் தயாரித்து உங்களிடம் காட்டட்டும்.